நெண்டாக் கூவிய காலை

மூடுபனிக்குள் படகு நுழைந்தபோது, ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சியூ ஹுவேய்க்குத் தெரியவில்லை. பதினோராண்டுகளாகக் கட்சிக் கொடியோடு இந்த ஆற்றில் போய்வருபவள். கபிட் கடைத்தெருவில் பிறந்த சீனப் பெண். ஆனால் ஆற்றுப் பழங்குடிகளின் ஈபான் மொழியில் அவள் ஏசத் தொடங்கினால், ஊரே ஒரே கூரைக்குள் வாழும் நீண்டவீட்டுக் கிழவர்களே தலைகுனிவார்கள். ‘ஆற்றுத் தொகுதியில் ஆற்று மக்களே நிற்கவேண்டும்’ என்று கட்சி மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்தவளும் அவள்தான். கைதட்டலோடு அது நிறைவேறியது. அவள் மனத்துக்குள் தனக்கென்று விரித்து வைத்திருந்த பாயில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஜாராவ், கட்சி நிறுத்திய வேட்பாளர், கூச்சிங் நகரத்து வழக்கறிஞர். ஈபான்தான், ஆறு வயதில் ஆற்றைவிட்டுப் போனவர். படகின் முன்பக்கத்தில் அமர்ந்து, பேச்சுத் தாளை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

பின்னால் இயந்திரத்தைப் பிடித்திருந்த ஈபான் கிழவர் உங்கோங், அவளுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தார்.

“மீனெல்லாம் கூடி, நமக்காகப் பேசுன்னு ஒரு மீனைக் கரைக்கு அனுப்பிச்சுதாம். கரைப் பேச்சைக் கத்துக்கிட்டதும் அதுக்கு நீந்த மறந்துபோச்சாம்.”

“அப்ப தவளைய அனுப்பிருக்கலாமே, மாமா?”

“அனுப்பலாம்தான். ஆனா தவளை மீன் இல்லையேம்மா.”

இருவரும் சிரித்தார்கள். அவள் முதலில் நிறுத்திவிட்டு ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் இடக்கரையில் நெண்டாக் பறவை கூவியது. உங்கோங் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். அந்தக் கரையிலிருந்து கூவினால், போகிற காரியத்துக்கு ஆகாத சகுனம். கரையேறி நெருப்பு மூட்டி, பறவை மனம் மாறும்வரை காத்திருப்பது வழக்கம்.

“ஏன் மெதுவாப் போறீங்க?” என்றார் ஜாராவ். “முப்பத்தொரு வீட்டுக்காரங்க காத்திருக்காங்க. விடுங்க, விடுங்க!”

உங்கோங் அவரைப் பார்க்கவில்லை; அவளைப் பார்த்தார்.

அவள் பேசாமல் இருந்தாலே போதும். பறவையை மீறி வந்தவர் என்ற செய்தி படகுக்கு முன்னே போய்ச் சேரும். முப்பத்தொரு கதவுகளும் சிரித்துக்கொண்டே சாத்திக்கொள்ளும். அடுத்த தேர்தலில் தவளையைத் தேடிக் கட்சிக்காரர்களே வருவார்கள். பனி அவள் இமைகளில் துளித்துளியாகக் கட்டியது. நிற்காத படகும் நின்றுவிட்டதுபோல் இருந்தது.

அவள் முன்னே நகர்ந்து ஜாராவின் காதருகே குனிந்தாள்.

“நெண்டாக் கூவிடுச்சு, ஐயா. நிறுத்தச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க.”

அவர் முகம் சிவந்தது. மடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்தார்.

“நிறுத்துங்க, மாமா,” என்றார், குழந்தைப்பருவத்து ஈபானில், திக்கித் திக்கி.

கூழாங்கற்கரையில் ஈரச் சுள்ளி புகைந்தது. உங்கோங் நகர்ந்து, நெருப்பருகே அவருக்கு இடம் கொடுத்தார்.

“அது என்ன சொல்லுது?” என்று ஜாராவ் அவளிடம் கேட்டார்.

“மாமாவக் கேளுங்க.”

அவர் கேட்டார். கிழவர் சொல்லத் தொடங்கினார். அவள் படகிலேயே தங்கி, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டாள். புகை ஆற்றின்மேல் தாழ்ந்து பரவி, பனியோடு கலந்து, இரு கரைகளையும் மறைத்தது.

மறுபடியும் நெண்டாக் கூவியது. மூவரும் தலை நிமிர்ந்தார்கள். எந்தக் கரையிலிருந்து என்பது ஒருவருக்கும் பிடிபடவில்லை.