இருபத்து மூன்று ஊற்றுகள்

எங்கள் மலைச்சரிவில் இருபத்து மூன்று ஊற்றுகள். இருபத்தொன்றை ஊரே அறியும். மற்ற இரண்டும் எலுத்தேரியோவுக்கு மட்டும்தான் தெரியும். முப்பது வருஷமாக ஊர்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடியவர் அவர்; மரியாதைக்குத் 'தோன்' சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க, ஊர்மக்களையும் சேர்த்துத் திட்டம் போடுகிறோம் என்று நீர்வளத் துறை அலுவலகத்திலிருந்து வந்தார்கள். தண்ணீர்க் குழுவின் செயலாளர் நான். இரண்டு வருஷம் மலையேறி, ஒவ்வொரு ஊற்றாக வரைபடத்தில் குறித்தோம்.

"அந்த ரெண்டையும் காட்டுங்களேன், தோன் எலுத்தேரியோ."

"எதுக்கு ஹெர்மெலிந்தா? மத்ததெல்லாம் கோடையில வத்தினாலும் அது ரெண்டும் அதுபாட்டுக்கு ஊர்க் குழாய்க்கு ஓடிட்டிருக்கு. எவன் கண்ணுலயும் படாம இருக்கட்டுமே."

"வரைபடத்துல இல்லாட்டி சட்டத்துக்கு அது ஊத்தே இல்ல. நாளைக்கு எவனாவது காட்டை வெட்ட வந்தா எதை வச்சுத் தடுப்பீங்க? உங்க மீசையை வச்சா?"

சிரித்துவிட்டார். மறுநாள் கூட்டிப்போய்க் காட்டினார். பாறை இடுக்கில் கசிந்த தண்ணீரைக் குனிந்து குடித்தேன். பல் கூசியது.

திட்டப் புத்தகம் அச்சாகி வந்த அன்று பள்ளிக்கூடத்தில் சோளமாவில் தமாலே அவித்து எல்லோருக்கும் கொடுத்தோம்.

அடுத்த கோடையில் குழாயில் காற்றுதான் வந்தது. நானும் அவரும் மலையேறினோம். அந்த இரண்டு ஊற்றுகளிலும் கறுப்புக் குழாய்களைச் செருகியிருந்தார்கள். கீழே, காட்டை வெட்டிய இடத்தில் பிளாஸ்டிக் விரித்த குளம். சுற்றிலும் வெண்ணெய்ப்பழக் கன்றுகள். தோட்டக் காவலாளி, தண்ணீர் எடுக்க அலுவலகம் கொடுத்த உரிமக் கடிதத்தை நீட்டினான். அதன் பின்னால் எங்கள் வரைபடம். மூலையில் என் கையெழுத்து.

அலுவலகத்தில் பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"திட்டம்ங்கிறது வெறும் பரிந்துரைதாம்மா. யாரையும் கட்டுப்படுத்தாது. வரைபடம் பொது ஆவணம். யார் கேட்டாலும் கொடுத்துத்தான் ஆகணும்."

மூன்று மனு போட்டோம். ஒன்றுக்கும் பதில் இல்லை.

கடைசியாகப் போய் விசாரித்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில், "என்னைத் திட்டவாவது செய்யுங்க," என்றேன்.

"திட்டினா தண்ணி வருமா?" என்று எலுத்தேரியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் மொரேலியா நகரத்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். குழாய்ச் சாவி என் வாசற்படியில் கிடந்தது. சொல்லிக்கொண்டு போகவில்லை.

இப்போது எட்டு நாளுக்கு ஒருமுறை லாரியில் தண்ணீர். போன வாரம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு மறுபடி கூட்டம் போட்டார்கள். ஊரில் ஒருவரும் அசையவில்லை. நான் மட்டும் போனேன். போகாவிட்டால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று எழுதுவார்கள். போனதால், ஊர்மக்கள் கலந்துகொண்டதாக எழுதிக்கொண்டார்கள்.