கலியபெருமாளுக்கு ஒரு கேள்வி

கலியபெருமாளின் நேர்காணல் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஸ்டோர் கீப்பர் வேலை. காலியிடம் ஒன்று. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று நான்தான் கேட்டேன். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது ஏழாம் வகுப்பு அரைப் பரீட்சைக்கு வந்திருக்கிறார்.

தப்பு என்னுடையது. அது ஒரு கேள்வியே இல்லை. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று அதில் எதுவும் கிடையாது. பாவம், மனுஷன் பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்துவிட்டார். பதில் முடியாமல் குறுக்கே பேசக் கூடாது என்பது கம்பெனி விதி. பாதியில் எழுந்து போனால் வேலை கிடையாது என்பதும் விதி. அவருக்கு இந்த வேலை வேண்டும். அதனால் எழுந்து போகவில்லை.

என்னோடு நேர்காணல் நடத்த வந்த துரைக்கண்ணு மூன்றாம் வருஷம் பீரோ ஆகிவிட்டார். ஃபைல்களை அவருக்குள்தான் வைக்கிறோம். கதவு லேசில் திறக்காது. மனுஷனாக இருந்தபோதும் அப்படித்தான்.

இந்தத் திங்கட்கிழமை எனக்கு மனசு கேட்கவில்லை. கேள்விப் பிரிவுக்குப் போனேன். அது ஐந்தாவது மாடி. நாலாவது மாடியை மூன்று முறை ஏற வேண்டியிருந்தது. எஸ்தர் மேடம்தான் அங்கே கேள்விகளுக்கு அனுமதி கொடுக்கிறார்.

"என்ன வேணும்?"

"குறுக்கே ஒரு கேள்வி கேக்க அனுமதி வேணும் மேடம். கலியபெருமாளுக்கு."

"இன்னுமா பேசிட்டிருக்கார்?"

"ஏழாவது படிக்கிறார்."

அவர் என் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டார்.

"ஒண்ணுதான் தருவேன். உள்ள போய் முதல்ல எதைக் கேக்கறீங்களோ அதுதான் கேள்வி. என்ன பதில் வருதோ அதை வச்சுத்தான் முடிவு. எங்கே, சொல்லுங்க பார்ப்போம்."

"எப்ப வேலைக்குச் சேர்றீங்க?"

எஸ்தர் மேடம் அதைக் காகிதத்தில் எழுதினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தராசில் வைத்து நிறுத்தார்.

"நல்ல கேள்வி. ஒரு தேதி சொன்னார்னா வேலை அவருக்குத்தான்."

முத்திரை குத்தி அனுமதிச் சீட்டைக் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பும்போது நடைவழி நீண்டிருந்தது. இரண்டு நாள் நடந்தேன். வழியெல்லாம் கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. யாரும் நம்பாவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

கதவைத் திறந்தேன். மதியம் ஒன்றரை மணி. சீட்டைப் பார்த்ததும் கலியபெருமாள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். பதினோரு வருஷத்தில் அன்றுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். சட்டை பெரிதாகிவிட்டிருந்தது. பெல்ட்டில் புதிதாக ஏழெட்டு ஓட்டைகள். கண் உள்ளே போயிருந்தது. அந்த நேரத்தில் அப்படி ஒருவரைப் பார்த்தால் யாரும் கேட்பதை நானும் கேட்டுவிட்டேன்.

"சாப்பிட்டீங்களா?"

துரைக்கண்ணு தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

கலியபெருமாளுக்கும் புரிந்துவிட்டது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வார்? அந்தக் கேள்விக்கு, அடுத்தவர் இடத்தில் நின்றுகொண்டு, நம்மில் யார் இல்லை என்று சொல்லியிருக்கிறோம்?

"ஆச்சு சார்," என்றார். "நீங்க?"

"ஆச்சு," என்றேன்.

எப்போது வந்தாரோ, எஸ்தர் மேடம் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். பதிலை எழுதிக்கொண்டார்.

"சாப்பிட்டாச்சுங்கறார். அப்புறம் இவருக்கு வேலை எதுக்கு?"

"மேடம், அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"கேள்வி தெளிவா இருந்துச்சு. பதிலும் தெளிவா இருக்கு."

ஃபைலை மூடினார். கலியபெருமாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதில் எடையே இல்லை.

"வருத்தப்படாதீங்க சார். இத்தனை வருஷத்துல நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க."

சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போனார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பார்க்க முடியவில்லை.

எஸ்தர் மேடம் இன்னும் போகவில்லை. புதிய தாள் ஒன்றை எடுத்து, மேலே என் பெயரை எழுதினார்.

"நீங்களும் ஆச்சுன்னுதானே சொன்னீங்க?"

நான் இரண்டு நாளாக எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.