இரண்டே முக்கால் மைல்

ஜேபஸ் ஹார்லன் பொய் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டுதான் பிலடெல்பியாவுக்குப் புறப்பட்டார். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு தீர்மானம் அவருக்குப் புதிது. அதனால் காலை ஜெபத்திலேயே அதற்கான மன்னிப்பையும் கேட்டு வைத்துவிட்டார். கிடைத்ததா என்று மட்டும் தெரியவில்லை.

டெலவேர் வளைகுடாவின் வாயில், ஹென்லோப்பன் முனையில், வெளியிலிருந்து வரும் கப்பல்கள் மணல்திட்டில் மாட்டாமல் வழிகாட்டி உள்ளே கொண்டுவருவது அவர் தொழில். 1793 மே மாதம் ஓர் ஆங்கிலேய வணிகக் கப்பலில் அப்படித்தான் ஏறினார். ஏறி அரைமணி ஆகவில்லை, ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்து பீரங்கியைத் திருப்பியது. அந்த இரண்டு நாட்டுக்கும் சண்டை. அமெரிக்கர்களாகிய நாம் யார் பக்கமும் இல்லை என்று நம் ஜனாதிபதி அறிக்கை விட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஜேபஸைப் படகில் இறக்கிவிட்டு, ஆங்கிலக் கப்பலை அதன் பதினொரு மாலுமிகளோடு பிடித்துப்போய் பிலடெல்பியா துறையில் கட்டிப்போட்டார்கள்.

கேள்வி ஒன்றுதான். பிடித்த இடம் யாருடைய கடல்? நம்முடையது என்றால் பிடித்தது செல்லாது, பதினொரு பேரும் வீடு திரும்பலாம். வெளிக்கடல் என்றால் கப்பல் பிரெஞ்சுக்காரருக்கு, ஆட்கள் பிரான்சின் சிறைக்கு. அன்று கப்பலில் இருந்த ஒரே அமெரிக்கர் ஜேபஸ். அவர் வாயில்தான் அத்தனையும் இருந்தது.

இதில் அவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. சுதந்திரப் போரின்போது நியூயார்க் துறையில், ஆங்கிலேயரின் சிறைக்கப்பலில், அவர் தம்பி ஆசா பட்டினியும் காய்ச்சலுமாகச் செத்தான். பிரெஞ்சுக்காரர்களோ நமக்காகக் கடல் தாண்டி வந்து இரத்தம் சிந்தியவர்கள்.

படகேறும்போது மனைவி டெம்பரன்ஸ் ஒரு மூட்டையை நீட்டினாள். சுடச்சுட ரொட்டி.

"அந்தப் பதினொரு பேருக்கும் குடுத்துடுங்க."

"இங்கிலீஷ்காரனுக்கா? ஆசாவுக்கு எவன் ரொட்டி குடுத்தான்?"

"யாரும் குடுக்கல. அதனாலதான் சொல்றேன்."

பிலடெல்பியாவில் இறங்கியதும், சேர்ந்து தொழில் செய்யும் நேட் பர்னெல் அவரைச் சாராயக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். நேட்டின் தொப்பியில் பிரெஞ்சுக்காரர்களின் மூவர்ண நாடா தொங்கியது.

"டேய் ஜேபஸ், நல்லா தூரமா சொல்லு. பத்து மைல்னு போடு."

"பத்துன்னா போதுமா? நம்ம கடல் எத்தனை மைல்னு முதல்ல சொல்லு."

நேட் விழித்தார். பக்கத்து மேசைக்காரர் திரும்பினார். "பீரங்கிக் குண்டு விழுற தூரம்."

"எந்தப் பீரங்கி?" என்றார் நேட். "எங்க கோட்டைல இருக்குறது நூறு அடி தாண்டாது."

"கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் நம்முதுதான்யா," என்றார் இன்னொருவர்.

"அப்போ இவ்வளவு குடிச்ச உன் கண்ணுக்கு இந்தக் கடையே நம்முது இல்லயே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜேபஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கரை தெரியாவிட்டால் எவ்வளவு தூரம் துடுப்பு போடுவது?

சாட்சி சொல்லும் முன் ரொட்டிக் கடமையை முடித்துவிடலாம் என்று துறைக்குப் போனார். பிடிபட்ட கப்பலின் துணைத்தலைவர் ஆம்ப்ரோஸ் டைக் மேல்தளத்துக்கு வந்து மூட்டையை வாங்கிக்கொண்டார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தார்.

"யாரு அனுப்பினாங்க?"

"என் வீட்டுக்காரி. நான் இல்ல." ஜேபஸ் அதோடு நிறுத்த முடியாமல் சொல்லிவிட்டார். "என் தம்பி உங்க சிறைக்கப்பல்ல செத்தவன்."

டைக் உள்ளே போய், துணி சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்தார். ஜேபஸ் அன்று விட்டுவிட்டுப் போன ஈயக்குண்டு, ஆழம் பார்ப்பது. "பிரெஞ்சுக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்னு பாய்க்கு அடியில வெச்சிருந்தேன். தொழில்காரனுக்கு இது கை மாதிரில்ல." பிறகு, தயங்கி, "துடைக்கல," என்றார்.

குண்டின் அடிக்குழியில் கொழுப்பு பூசித்தான் கயிற்றில் இறக்குவார்கள். கடலடி மண் அதில் ஒட்டிக்கொண்டு வரும். அன்று ஒட்டிய மண் அப்படியே இருந்தது. அது எந்த இடத்து மண் என்று டைக்குக்கும் தெரியும். ஆனால் என்ன சாட்சி சொல்லப்போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

அரசாங்க எழுத்தர் பிலிமன் டேஷியலின் அறையில் மேசை தெரியாத அளவுக்குக் காகிதம். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஹார்லன். உக்காருங்க. அந்தக் கட்டு மேல வேண்டாம், அது மேற்கு மலைக்காரங்க விஸ்கி வரி கட்டமாட்டோம்னு எழுதினது. இதுலயும் வேண்டாம், பிரெஞ்சுத் தூதர் நம்மள நன்றி கெட்டவங்கன்னு திட்டினது. அது இங்கிலீஷ் தூதர் திட்டினது. சரி, நின்னுக்கிட்டே சொல்லுங்க. எத்தனை மைல்?"

"ஐயா, அதுக்கு முன்னாடி ஒண்ணு. நம்ம கடல் எத்தனை மைல்?"

"அதானே யாருக்கும் தெரியல."

"ஜனாதிபதிக்குமா?"

"அவரு சுத்தி இருக்குறவங்கள எல்லாம் கேட்டுட்டாரு. ஆளுக்கொரு கணக்கு. நாடு பிறந்தப்ப நிலத்துக்குத்தான் எல்லை எழுதினோம், தண்ணிக்கு எழுத மறந்துட்டோம். நீங்க தூரத்தைச் சொல்லுங்க, எல்லையை அவங்க அப்புறம் முடிவு பண்ணட்டும்."

ஜேபஸ் வேதாகமத்தின் மேல் கை வைத்தபடி நின்றார். பத்து என்று சொல்லி, எல்லை பன்னிரண்டு என்று வந்தால்? தான் சொன்ன பொய்யே ஆங்கிலேயரை விடுவித்துவிடும். இருபது என்றால் சின்னப் பிள்ளைகூட நம்பாது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிக்க ஒரு கம்பம் இல்லை. ஆசா, நீயாவது சொல்லேன் என்று மனதுக்குள் கேட்டார். ரொட்டி வாசனை மட்டும் இன்னும் கையில் இருந்தது.

சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, குண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சாம்பல் நிற மணல், கருஞ்சிப்பித் துண்டு கலந்தது. ஒன்பது பாகம், அம்பத்தி நாலு அடி ஆழம். இது எங்க முனைக்கு வெளியில ஒரே ஒரு இடத்துலதான் வரும். கலங்கரை விளக்கத்துலேர்ந்து ரெண்டே முக்கால் மைல்."

டேஷியல் எழுதிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி, "இது யாருக்கு நல்லது, ஹார்லன்?" என்று கேட்டார்.

"நீங்கதானே ஐயா சொல்லணும்?"

டேஷியல் அந்தக் காகிதத்தை எடுத்து மற்றக் கட்டுகளின் மேல் வைத்தார்.

ஆகஸ்டில் மஞ்சள் காய்ச்சல் வந்து நகரமே காலியானது. வண்டி வண்டியாகச் சவங்கள் போயின. கப்பலில் கிடந்தவர்களில் இருவர் போய்ச் சேர்ந்தார்கள். உறைபனி விழுந்து காய்ச்சல் அடங்கிய நவம்பரில்தான் அரசாங்கத்தின் முடிவு வந்தது. இப்போதைக்கு, மூன்று மைல்.

கால் மைலில் ஆங்கிலேயர் விடுதலையானார்கள். நேட் பர்னெல் ஜேபஸோடு பேசுவதை நிறுத்தினார். தேவாலயத்தில் சிலர் இருக்கை மாறி உட்கார்ந்தார்கள். அந்தக் கப்பலை வெளியே கொண்டுபோக யாரும் முன்வராததால் ஜேபஸே போனார்.

முனைக்கு வெளியே குண்டை இறக்கினார். சாம்பல் மணல், கருஞ்சிப்பி. டைக் அருகில் வந்து நின்றார்.

"உங்க தம்பி பேரு என்ன?"

"ஆசா. ஆசா ஹார்லன்."

டைக் திரும்பித் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். மிச்சமிருந்த எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். காற்று பலமாக இருந்ததால் வெகுநேரம் அப்படி நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தும் ஜேபஸுக்குத் தெளிவில்லை.

"நான் செஞ்சது சரியா டெம்பரன்ஸ்? ஆசா என்ன நினைப்பான்? இந்த நாடு யாரு பக்கம்னே எனக்குப் புரியல."

"எனக்கும் புரியல," என்றாள் அவள். "அங்க பாருங்க, வெளியில ஒரு கப்பல் கொடி காட்டுது."

பிரெஞ்சுக் கப்பல். வழிகாட்டி வேண்டும் என்று கொடி ஏற்றியிருந்தது. ஜேபஸ் ஈயக்குண்டைத் துடைத்து, புதுக் கொழுப்பு பூசினார். கிளம்பும்போது டெம்பரன்ஸ் ஒரு மூட்டையை நீட்டினாள். சுடச்சுட ரொட்டி.

இந்தத் தடவை யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.