குறி போடாத எட்டு ஆவர்த்தனம்

நசாரியோ மசாயின் குதிகால் சத்தத்தை முதலில் கேட்டவன் மத்தளக்காரன் தெலேஸ்போரோ.

"லாலியாக்கா, உங்க செல்லோவுக்கு அடியில பலகை ஆடுதா?" என்றான்.

ஆடவில்லை. ஒத்திகையில் ஆறு பேர் இருந்தோம். ஒருவர் காலும் தரையைத் தட்டவில்லை. நசாரியோவைப் புதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

எங்கள் கோயிலில் பழைய பாதிரிமார் விட்டுப்போன, பரோக் எனும் ஐரோப்பிய இசை ஏடுகள் உண்டு. அவற்றோடு எங்கள் சிக்கித்தானோ பழங்குடி மக்களின் குழலையும் மத்தளத்தையும் சேர்த்து வாசிப்பது எங்கள் குழு. முழு இசையும் ஒருவர் கையிலும் இருக்காது. அவரவர் பங்கு அவரவர் தாளில். ஒருவர் தன் பங்கில் எதையாவது மாற்றினால், மற்றவர் தாளில் அதற்கு ஒரு குறி போட வேண்டும். ஏடுகளைப் பார்த்துப் படியெடுப்பவள் நான் என்பதால் அந்த வேலையும் என்னுடையது.

நசாரியோ எங்கள் முதல் வயலின். வாசிக்காமல் காத்திருக்கும்போது குதிகாலால் பலகையைத் தட்டித் தாளம் எண்ணுவார். இப்போது அந்தச் சத்தம் மெதுவான பகுதியில் மட்டும் வந்தது, குழல்காரன் கிறிஸ்பின் புத்தாரே தனித்து ஊத வேண்டிய இடத்தில். எட்டு ஆவர்த்தனம் தட்டும், நின்றுவிடும். அங்கே வந்ததும் கிறிஸ்பினுக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும். குழலை இறக்கிவிடுவான்.

"குதிகால் மட்டும் வந்து என்ன பண்ண? வயலினையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றான் தெலேஸ்போரோ. சொல்லிவிட்டு அவனே சிலுவை போட்டுக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை திருவிழாவுக்கு வேற ஆளைப் பாருங்க, என்னால ஆகாது" என்றான் கிறிஸ்பின். அவனைத் தவிர அந்தக் குழலை ஊத எங்கள் ஊரில் ஆள் இல்லை. அதைவிட, ஊதுவதை விட்டால் அவன் என்ன ஆவான் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அதோடு, எனக்கு மட்டும் ஒன்று தெரியும்.

நசாரியோ இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு என் சமையலறைக்கு வந்தார். பாலாடைக்கட்டி ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தேன். கை முழுக்க மாவு.

"லாலியா, என் வயலின் அவன் மூச்சை முழுங்குதுன்னு கிறிஸ்பின் ரொம்ப நாளா பொலம்புறான். பாவம், அதுவும் நெசந்தான். எட்டு ஆவர்த்தனம் நான் நிறுத்திக்கிறேன். அவன் தாள்ல ஒரு குறி போட்டுடு."

"கை கழுவிட்டு எழுதிடறேன்ண்ணே."

கை கழுவினேன். எழுதவில்லை. மறந்தே போனேன்.

எங்கள் குழுவில் ஒருவர் பாதியில் வாசிக்கும் வில்லை இறக்கினால், 'இதை நான் வாசிக்கமாட்டேன்' என்று அர்த்தம். மறுநாள் ஒத்திகையில் அந்த எட்டு ஆவர்த்தனம் வந்ததும் நசாரியோ வில்லை இறக்கினார். கிறிஸ்பின் தன் தாளைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை.

"எங்க காட்டுப்பாட்டு உங்க வயலினுக்குக் கேவலமாப் போச்சா? நீ செத்தாலும் உன் வாசல்ல வந்து நிக்கமாட்டேன்" என்று கத்திவிட்டு வெளியேறினான். நசாரியோ அவனைத் தேடிப்போனார். அவன் மாட்டுப்பண்ணைக்குப் போயிருந்தான். விடிந்ததும் காட்டுத்தீயை அணைக்கப் போன நசாரியோ மேல் எரிந்த கிளை விழுந்தது.

கிறிஸ்பினின் மகனுக்கு நசாரியோ ஞானத்தகப்பன். ஆனாலும் அவன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க வரவில்லை. நான் பெட்டிக்குப் பின்னாலேயே நடந்தேன், வாயைத் திறக்காமல்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் அந்தக் குதிகால் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தட்டியது. இறந்தவர் கிறிஸ்பினைப் பயமுறுத்த வரவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மாதாவை நினைத்துக்கொண்டு எழுந்தேன். குறி போட மறந்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன்.

கிறிஸ்பின் குழலை மடியில் வைத்தான்.

"பதினஞ்சு நாளு, அக்கா. பதினஞ்சு நாளு நீ எங்கூட ஒக்காந்து சாப்பிட்டிருக்க."

"ஆமா."

அவன் தன் தாளை என் முன்னால் தள்ளினான். "எழுது. இப்பவே எழுது."

'வயலின் நிற்கிறது, எட்டு. கிறிஸ்பினுக்காக' என்று எழுதினேன். மை காயும்வரை அவன் ஊதிக்கொண்டிருந்தான், குழலை அல்ல, தாளை.

பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு நசாரியோவின் மனைவி ஹசிந்தாவின் வீட்டுக்குப் போனான். நல்ல வெயில். அவள் முற்றத்தில் சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடிப்பதை நிறுத்தவில்லை.

கிறிஸ்பின் நின்றபடியே அந்த எட்டு ஆவர்த்தனத்தையும் ஊதினான். ஹசிந்தாவின் உலக்கை பாதியில் நின்றது.

"இதையா?" என்றாள். "தீயணைக்கப் போறதுக்கு முந்தின சாயங்காலம் கோழிக்குத் தீனி போடும்போது இதைத்தான் சீட்டியடிச்சாரு. ஏதோ பறவை மாதிரி கத்துறாருன்னு கேலி பண்ணினேன். 'இது கிறிஸ்பினோட எடம்டி'ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

கிறிஸ்பின் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"இன்னொரு தரம் ஊது தம்பி" என்றாள். "ஓடாம, நிதானமா ஊது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எனக்குச் சரியாக் கேக்காது."

அவன் மூச்சை இழுத்தான். அவள் உட்கார்ந்து கேட்கட்டும் என்று உலக்கையை நான் வாங்கிக்கொண்டேன்.