ஒண்ணும் தெரியாதவள்

எனக்கு ஒண்ணும் தெரியாது என்று எங்கள் தெருவே கூடி நின்று சாட்சி சொன்னது. சொன்ன பெண்கள் எல்லாரும் நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டைப் போட்டிருந்தார்கள்.

அன்று காலையில் நைனாவுக்கு போன் வந்தது. மாற்றுத்திறனாளி அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் மத்தியானம் உங்கள் மகள் ஜெனிஃபரைப் பார்க்க வருகிறார், வீட்டில் இருங்கள் என்றார்கள். அவ்வளவுதான். நைனா போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து ஊர் சேட்டுவுக்குப் போன மாதம்தான் உதவித்தொகை நின்றுபோயிருந்தது. கண் தெரியாத மனிதர், வாசலில் கடலை மிட்டாய் வைத்து விற்பவர். அவர் சம்பாதிப்பதை யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

"உன்னியும் அதுக்குத்தான் பாக்க வராங்கோ. நீ தெச்சிக்கினு கீறன்னு தெரிஞ்சா அவ்ளோதான், மாசப் பணம் போச்சி" என்றார் நைனா.

எனக்கு இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே வலு இல்லை. தையல் மெஷினைக் காலால் மிதிக்க முடியாது. வலது கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இடது கையால் துணியைத் தள்ளுவேன். ஒரு ஜாக்கெட் முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஆனாலும் என் தையலுக்கு எங்கள் தெருவில் மட்டுமல்ல, அடுத்த தெருவிலும் பெயர் உண்டு.

நைனாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நடவு, அறுப்பு, கரும்பு வெட்டு என்று எந்தக் கூலிக்குக் கூப்பிட்டாலும் போகிறவர். வேலை கிடைக்காத மாதத்தில் எங்கள் அரிசியும் என் மாத்திரையும் அந்த அரசாங்கப் பணத்தில்தான் வரும். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். எங்களுக்கு மடியில் ஒன்றுமே இல்லை, பயம் மட்டும் வண்டி வண்டியாக இருந்தது.

நைனாவும் எதிர்வீட்டு கோவிந்தம்மாக்காவும் சேர்ந்து மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் ஆட்டுக் கொட்டகையில் வைத்துச் சாக்கு போட்டு மூடினார்கள். என் மூன்று சக்கர வண்டியை மாதா கோயிலுக்குப் பின்னால் தள்ளிவிட்டார் நைனா. அதில் ஏறித்தான் நான் தெருத் தெருவாக அளவெடுக்கப் போகிறேன் என்பது கண்டுபிடிக்கப்பட்டுவிடுமாம். துண்டுத் துணியையெல்லாம் பெருக்கி அடுப்பில் போட்டார்கள். எனக்குச் சாயம் போன ஒரு நைட்டியை மாட்டினார்கள். கடைசியில் கோவிந்தம்மாக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னியிருந்த என் தலையை அவிழ்த்துக் கலைத்துவிட்டாள்.

"இப்பதான் பாக்கறதுக்குப் பாவமா கீது" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நைனாவின் முகத்தைப் பார்த்தபோது பேச முடியவில்லை.

மேடம் ஸ்கூட்டரில் வந்தார். பெயர் தமிழ்ச்செல்வி என்று அவரே சொன்னார். வாசலில் பாதித் தெரு கூடிவிட்டது. அவர் உட்கார்வதற்குள் சாட்சி தொடங்கிவிட்டது.

"ஒண்ணியும் செய்ய மாட்டா மேடம். சோறுகூட நாங்கதான் ஊட்டறோம்" என்றாள் கோவிந்தம்மாக்கா. முந்தின நாள் அவளுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்தவள் நான். "வாழப்பயத்த உரிச்சி கைல குட்த்தாலும் துண்ணத் தெர்யாது."

"ஒண்ணுக்குப் போவணும்னாலும் ஆளு தூக்கணும் மேடம்" என்றாள் இன்னொருத்தி.

அது பொய். கேட்டுக்கொண்டிருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அவர்கள் பேசினார்கள். அதனாலேயே திட்டவும் வழியில்லை.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மோட்டார் வச்ச தையல் மெஷினுக்கு மனு குடுத்தது நீதானேம்மா? அதுக்குத்தான் வந்திருக்கேன்."

போன மழைக்காலத்தில் உத்திரமேரூரில் முகாம் நடந்தபோது, நைனா டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் நான் கொடுத்த மனு அது. கிடைக்காவிட்டால் அவருக்கும் எதற்கு ஏமாற்றம் என்று சொல்லாமல் விட்டிருந்தேன். நாள் போகப் போக நானே மறந்துவிட்டேன்.

"போட்டு வாங்கறாங்கோ, உஷாரு" என்று கோவிந்தம்மாக்கா நைனாவின் காதில் சொன்னது எனக்கே கேட்டது.

நைனா கையெடுத்துக் கும்பிட்டார். "அய்ய, இவ எங்க மேடம் மெஷினு கேக்கப் போறா? வேற யார்னா இவ பேர்ல குட்த்திருப்பாங்கோ. இவளுக்கு ஊசில நூலு கோக்கக்கூடத் தெர்யாது. பெத்தவன் சொல்றேன், இவ ஒண்ணுத்துக்கும் ஆவமாட்டா."

தெருக்காரர்கள் சொன்னதெல்லாம் மேலோடு போயிற்று. இது உள்ளே இறங்கியது.

"நீ சொல்லும்மா. உனக்குத் தைக்கத் தெரியுமா?"

தெரியும் என்றால் நைனா பொய்யர் ஆகிவிடுவார், அதுவும் ஊர் பார்க்க. அவர் கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தைக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் குடுக்க முடியும்" என்று மேடம் எழுந்தார். "பரவாயில்ல, அடுத்து இருக்கிறவங்களுக்குப் போகட்டும்."

அவர் ஸ்கூட்டரின் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் பல்லி என்று கூப்பிட்ட நாளிலிருந்து நான் வாசற்படிக்கு வெளியே தவழ்ந்ததே இல்லை. வண்டி இல்லாமல் தெருவுக்கு வருவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். வண்டியோ மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது.

கையை ஊன்றிப் படியிறங்கினேன். நைட்டி மண்ணில் இழுபட்டது. ஜல்லி உள்ளங்கையில் குத்தியது. யாரோ "ஐயோ" என்றார்கள். அத்தனை பேர் கண்ணும் என் முதுகில் இருந்தது.

"மேடம்! நான் தெப்பேன் மேடம்! இவங்கோ போட்டுக்கினு கீற ஜாக்கெட்டு அல்லாம் நான் தெச்சதுதான்."

மேடம் திரும்பிப் பெண்களைப் பார்த்தார். ஒவ்வொருத்தியாக முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டார்கள். கோவிந்தம்மாக்காவின் ஜாக்கெட் முதுகில் நான் வைத்த ஜன்னல் டிசைன் இருந்தது. அவள் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

மேடம் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அப்புறம் ஏங்க இல்லன்னீங்க?" என்று நைனாவைக் கேட்டார்.

"தெக்கிறான்னு தெரிஞ்சா மாசப் பணம் நின்னுடும்னு... சேட்டுக்கு நின்னுச்சே மேடம்."

"அவருக்கு நின்னது கடை வச்சதால இல்லைங்க. உயிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் நேர்ல வந்து பதியணும், அவர் வரல. இப்ப பதிஞ்சாச்சு, பணம் திரும்ப வந்துடும். வீட்ல உக்காந்து நாலு ஜாக்கெட் தைக்கிறதுக்கெல்லாம் நிறுத்த மாட்டாங்க. அரசாங்க வேலை கிடைச்சா அது வேற பேச்சு. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எப்டி மேடம் கேக்கறது? கேட்டாலே தெரிஞ்சிடுமே."

மேடம் மனுவை எடுத்துப் பிரித்து, "சரி, உங்க வாயால சொல்லுங்க. இவளுக்கு என்ன தைக்கத் தெரியும்?" என்றார்.

நைனா தெருவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஜாக்கெட்டு தெப்பா. பாவாட தெப்பா. பசங்களுக்கு யூனிபாரம்." குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. "இவ அம்மா செத்து, எடுத்துக்கினு போவ சொல்ல போட்டு அனுப்பனமே, அந்த ஜாக்கெட்டு. அதுவும் இவதான் மேடம், ராவெல்லாம் அழுதுக்கினே தெச்சா."

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வாருங்கள், மெஷின் கிடைத்துவிடும் என்று மேடம் சொன்னார். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நைனாவை அந்த நிலையில் நிறுத்தி வைத்ததற்கு எனக்கு அவமானமாக இருந்தது, தவழ்ந்ததைவிட.

"ஒண்ணுத்துக்கும் ஆவமாட்டான்னு சொன்னேனே, அத எழுதிடாதீங்கோ மேடம்" என்றார் நைனா.

"எழுதலைங்க."

நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் சொன்னதை நான் கேட்டாயிற்று. இனி அதை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.