சங்கு ஊதிய வகுப்பு

வித்யாலக்ஷ்மிக்குப் பயம். வங்கியில் காலமெல்லாம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதித் தள்ளியவள்தான். ஆனால் நாலு பேர் முன்னால் நின்று வாய் திறந்ததில்லை. ஓய்வு பெற்ற கையோடு கல்கத்தா லேக் மார்க்கெட்டில் ஒரு மாடி அறையைப் பிடித்து, தமிழ்ப் பெண்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு என்று பலகை மாட்டிவிட்டாள். பலகை மாட்டுவது சுலபம்.

ஒரு வாரம் அஷ்டமி என்று தள்ளிப்போட்டாள். அடுத்த வாரம் ராகு காலம். ஆடத் தெரியாதவளுக்கு மட்டுமா, ஆடப் பயந்தவளுக்கும் கூடம் கோணல்தான்.

மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்து, இங்கே அப்பளக் கடையில் உட்காரும் மஞ்சுளா இன்று நேராகவே சொல்லிவிட்டாள்.

"டீச்சர், இன்னைக்கும் இல்லைன்னா நாங்க எல்லாரும் பவானிபூர் கிளாஸுக்குப் போயிருவோம். கோவிச்சுக்காதீங்க."

பெஞ்சில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். வித்யாலக்ஷ்மிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அடுத்த புதன்கிழமை நாள் நன்னா இருக்கு..." என்று இழுத்தாள்.

அறை வாசலில் சங்கு முழங்கியது.

மஞ்சுளா துள்ளி எழுந்தாள். "ஆத்தாடி! யாரு போயிட்டாங்க?"

வித்யாலக்ஷ்மி துள்ளிய துள்ளலில் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது. வீட்டுக்காரி மாஷிமா சங்கும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். எந்த நல்ல காரியத்தையும் சங்கு ஊதித் தொடங்குவது வங்காளிகள் வழக்கம். மதுரையில் சங்கு ஊதினால் பாடை கட்டுகிறார்கள் என்று பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

கல்கத்தாவில் பிறந்த வித்யாலக்ஷ்மி விஷயத்தைச் சொன்னதும் அறை சிரித்து உருண்டது.

"எனக்கு உயிரே போயிருச்சு! இப்படித் திடுக்குன்னு துள்ளுறதுக்கு இங்கிலீஷ்ல என்ன டீச்சர்?" என்றாள் மஞ்சுளா.

"ஸ்டார்ட்."

"அது ஆரம்பிக்கிறதுல்ல?"

"அது ரொம்பப் பின்னாடி வந்த அர்த்தம். ஆதியில துள்ளறது, பயத்துல தூக்கிவாரிப் போடறதுதான். அப்புறம் சட்டுனு கிளம்பறதுக்குச் சொன்னா. அதுக்கும் அப்புறம்தான் ஆரம்பிக்கறதுக்கு வந்தது."

உடைந்த சாக்பீஸால் கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசினாள். நாக்கு எப்போது விட்டதென்று அவளுக்கே தெரியவில்லை.

மஞ்சுளா யோசித்தாள். "அப்ப, பயம் போனப்புறம்தான் ஆரம்பிக்கணும்னு இல்லையா?"

வித்யாலக்ஷ்மிக்குக் கண் நிறைந்துவிட்டது. "இல்லைம்மா. எனக்கே இப்பத்தான் புரியறது."

வாசலிலிருந்து மாஷிமா வங்காள மொழியில் கேட்டாள், தொடங்கியாச்சா என்று. வித்யாலக்ஷ்மி மணியைப் பார்த்தாள். சுத்தமான ராகு காலம்.

"தொடங்கியாச்சு, மாஷிமா!"