ஆரஞ்சுப் பிடி போட்ட கத்தி

அந்த முடிதிருத்தும் கடையில் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலிக்காரருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் பிளேடு. கையில் பிளேடு பிடிப்பதால் வந்த பெயர் என்று அவர் மனைவி வெளியில் சொல்லிக்கொள்வாள். உண்மை என்னவென்றால், ஒரு தலையை முடிப்பதற்குள் ஒன்பது கதை சொல்லி ஆளை அறுத்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஓர் ஆள் முன்னால் மட்டும் பூட்டுப் போட்டுக்கொள்ளும். அவர்தான் சகலை, மனைவியின் அக்கா வீட்டுக்காரர். பெரிய மரச்சாமான் கடையில் மேலாளர். எதை வாங்கினாலும் இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் வாங்குவார். பிளேடு அவர் வீட்டுக்கு எதைக் கொண்டுபோனாலும் பையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "அதை அப்படி ஓரமா வைங்க சகலை" என்பார். போன தடவை கொண்டுபோன சுவர்க்கடிகாரம் இன்னமும் அந்த ஓரத்தில், பெட்டிக்குள்ளேயே, தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வார்த்தை விழும்போதெல்லாம் மனைவியின் முகம் வாடும்.

இந்த முறை இரண்டு ஜோடியும் சேர்ந்து மலையேறுவது, மேலே ஏரிக்கரையில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்குவது என்று முடிவானது. கூடாரம், அடுப்பு, படுக்கை எல்லாம் சகலை பொறுப்பு.

"நீங்க ஒரு கத்தி மட்டும் கொண்டு வாங்க சகலை. அதான் உங்க தொழிலாச்சே" என்றார் போனில். ஒரு நொடி கழித்து, "எதுக்கும் நானும் ஒண்ணு எடுத்துட்டு வரேன்" என்றார்.

மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னங்க, இது ஒண்ணையாவது அவர் ஓரமா வைக்கச் சொல்லாத மாதிரி வாங்குங்க" என்றாள். உடனே சுதாரித்துக்கொண்டு, "அதுக்காக வாடகைப் பணத்துல கை வச்சிடாதீங்க" என்றும் சேர்த்தாள்.

மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை, மீன்தொட்டிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கண்ணாடி அலமாரியைத் திறந்துவிட்டார். பிளேடு இருப்பதிலேயே மெல்லிசான ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார். சட்டைக் கையைச் சுருட்டி முன்னங்கையில் ஓர் இழுப்பு. முடி பொலபொலவென்று உதிர்ந்தது.

"அண்ணே, முடிவெட்டுற கடையா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மத்தவங்க காகிதத்தை வெட்டிப் பார்ப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் உங்களையே வெட்டிப் பார்க்கிறீங்க. மலையில யாருக்கு ஷேவிங்?"

பிளேடுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ரொட்டி, காய்கறி, கயிறு அறுக்கணும். அடுப்புக்குச் சுள்ளி சீவணும்."

"அப்போ இது ஆகாது. சுள்ளியில வச்சதும் பல்லுப் பல்லாப் போயிடும். மடக்குற இடத்துல மண்ணும் சேரும்."

முழங்கை நீளத்துக்கு ஒன்று கிடந்தது. பிளேடு அதன் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"அதை இடுப்புல சொருகிட்டுப் போனா, எதிர்ல வர்றவங்க பையைப் போட்டுட்டு ஓடிடுவாங்க."

மரப்பிடி போட்டு, வெல்வெட் பெட்டிக்குள் பளபளத்த ஒன்றைப் பிளேடு சுட்டிக் காட்டினார். அதன் விலைச்சீட்டைப் பார்த்ததும் கை தானாகப் பின்னால் வந்தது.

"அதுல பாதி காசு பெட்டிக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரம்மா உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். "கையை முக்குங்க. ஒவ்வொண்ணா உறையோடவே இறுக்கிப் பிடிச்சு, இந்தப் பலகையில அழுத்துங்க."

மரப்பிடி மீன்போல நழுவியது. உலோகப்பிடி சுழன்றது. மூலையில் கிடந்த ஒன்று மட்டும் நழுவவே இல்லை. சொரசொரவென்று பிளாஸ்டிக் பிடி, விரல் முன்னால் ஓடாமல் தடுக்க ஒரு மேடு, மடங்காத அலகு, அதுவும் உள்ளங்கை நீளம்தான். நாள் முழுக்க நுரைக் கையோடு பிழைக்கிற மனுஷனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நாலு தலை முடிவெட்டினால் வருகிற காசுதான் விலை.

ஒரே ஒரு குறை. நிறம் ஆரஞ்சு. சாதாரண ஆரஞ்சு இல்லை, கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு.

"வேற நிறம் இல்லையா?"

"அழகான பச்சை இருக்கு. புல்லுல வச்சீங்கன்னா ரெண்டு நாளும் அதையே தேடிக்கிட்டிருக்கலாம்."

ஆரஞ்சையே கட்டித் தரச் சொன்னார்.

"வீட்டுக்குப் போய் சவரக்கத்தி மாதிரி தீட்டிடாதீங்க அண்ணே."

"கை அரிக்குமே."

"அரிச்சா சொறிஞ்சுக்குங்க."

வீட்டில் மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "கேக் வாங்கினா சும்மா குடுக்கிற கத்தியா இது?" என்றாள். பிளேடு சோப்புத் தண்ணீர்க் கதையைச் சொன்னார், மேட்டைத் தடவிக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, அதைப் பையின் அடியில், துண்டுக்குள் சுருட்டி வைத்தாள். பிளேடுக்குத் தெரியாதா என்ன? துணிக்கு அடியில் வைப்பதும் ஓர் ஓரம்தான்.

கிளம்புவதற்கு முதல் நாள் சகலை முடிவெட்டிக்கொள்ள வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தன் கத்தியை எடுத்துக் காட்டினார். பத்தொன்பது உறுப்பு உள்ளதாம்: கத்தி, கத்தரி, அரம், என்னென்னவோ. மரியாதை செய்வதாக நினைத்துப் பிளேடு, "மலையில நகம் மடங்கிடும் சகலை" என்று சொல்லி, அவருடைய பத்து விரல் நகத்தையும் சதையோடு சதையாக ஒட்ட வெட்டிவிட்டார்.

மறுநாள் ஏரிக்கரை போய்ச் சேரும்போது மதியம் தாண்டியிருந்தது. எதிர்மலையில் மேகம் கறுத்து இறங்கியது. கூடாரத்தைக் கட்டக் கயிறு வேண்டும். கயிறோ புதிது, வெட்டாத ஒரே சுருளாக இருந்தது.

"கத்தி எங்க?" என்றாள் மனைவியின் அக்கா.

"இருக்கு, இருக்கு" என்று சகலை பெருமையாகத் தன்னுடையதை உருவினார். அலகின் பக்கத்தில் இருந்த சின்னப் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து நெம்ப வேண்டும். நெம்பினார். விரல் வழுக்கியது. மறுபடி நெம்பினார். சொட்டு மழை விழத் தொடங்கியது.

"என்னங்க, அதைத் தடவிக்கிட்டே இருக்கீங்க?"

"புதுசு, கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

பல்லால் கடித்துப் பார்த்தார். "பல்லு போயிடப்போகுது" என்று அக்கா அதைப் பிடுங்கித் தான் முயன்றாள். ஆசையாக வளர்த்த நகம் படக்கென்று முறிந்தது. "பத்தொன்பது இருந்து என்ன, ஒண்ணாவது வெளிய வருதா?" என்று கத்தினாள்.

சகலை தன் விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு பிளேடைப் பார்த்தார். "சகலை... நேத்து என் நகத்தை..."

பிளேடு வானத்தைப் பார்த்தார்.

அப்போது அவர் மனைவிதான் குனிந்தாள். பையைக் கவிழ்த்தாள், துண்டை உதறினாள். புல்லில் விழுந்த ஆரஞ்சு, மழை இருட்டிலும் பளிச்சென்று தெரிந்தது.

"இது என்ன பொம்மை?" என்றார் சகலை.

பிளேடு அதை உறையிலிருந்து உருவினார். பேசினால் ஒன்பது கதை வரும், மழை காத்திருக்காது. ஈரக் கையோடு பிடியை இறுக்கினார். கயிறு நாலு இழுப்பில் நாலு துண்டானது. கூடாரம் எழும்பியது. உள்ளே உட்கார்ந்து, அதே கத்தியால் ரொட்டி, தக்காளி, சீஸ் எல்லாம் அறுத்தாயிற்று. மழை விட்டதும் ஈரச் சுள்ளியின் மேல்பட்டையைச் சீவி, உள்ளே காய்ந்த குச்சியை எடுத்து அடுப்பு மூட்டியாயிற்று. சகலை இரண்டு தடவை கை நீட்டி, "கொஞ்சம் குடுங்க, நான் சீவறேன்" என்றார். இரண்டாம் தடவை வாங்கியதைத் திருப்பித் தரவே மனசில்லை அவருக்கு.

தேநீர் கொதித்தது. பிளேடு கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். பழக்கதோஷம்! எழுந்துபோய் அதைக் கூடாரத்தின் ஓரத்தில் வைத்தார்.

"அங்க எதுக்கு சகலை?" என்றார் சகலை. தன்னுடைய பத்தொன்பது உறுப்பையும் எடுத்துப் பைக்குள் தள்ளினார். "நடுவுல வைங்க. எல்லாருக்கும் எட்டணும்ல."

மனைவி தேநீரை ஊதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். கோப்பைக்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

பிளேடுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பூட்டு கழன்றுவிட்டது. "சகலை, இந்தக் கத்தி வாங்கப்போன கதை தெரியுமா உங்களுக்கு? மீன்தொட்டிக் கடைக்கு மேல ஒரு மாடி..."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டாரு" என்று அக்கா தலையில் கை வைத்தாள்.

"சொல்லட்டும் விடு" என்று சகலை காலை நீட்டிக்கொண்டார்.